மகேஷ்சந்திர பானர்ஜி தோற்ற ஆட்டம்

கொஞ்ச நாளாக ஒரே ஒரு செஸ் ஆட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 1855 மே மாதம் கல்கத்தாவில் ஆடிய ஆட்டம். வெள்ளைக் காய்களுக்கு ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்கார பாரிஸ்டர், கறுப்புக்கு மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளத்துக்காரர். மொத்தமே இருபத்தியொரு நகர்த்தல்தான். ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் பலகையில் ஆடிப் பார்த்துவிடலாம். எனக்கோ இரண்டு மாதம் ஆகியும் தீரவில்லை. காரணம் எங்க பாட்டா. அதைக் கடைசியில் சொல்றேன். இப்போதைக்கு ஆட்டத்துக்குப் போவோம்.

முதலில் காய்களின் பெயர். இங்கே ராணி, மூலையில் நிற்கும் யானை, குறுக்கே போகும் மந்திரி, குதிரை, சிப்பாய் என்று எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அப்படி. எங்க பாட்டாவுக்கு மூலையில் நிற்பது தேரு, குறுக்கே போவதுதான் ஆனை, ராணி என்று ஒன்று கிடையாது, அதுதான் மந்திரி. நாங்கள் மண்டைக்காட்டுக்காரர்கள். 1956 வரைக்கும் இந்தப் பக்கம் திருவிதாங்கூர்தானே, மலையாளத்துக்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, ஒரே பலகையில் ஒரே காய்க்கு இரண்டு பெயர். இந்தப் பெயர்க் குழப்பம் கட்டுரை முழுக்க வரும், மனசில் வச்சுக்கிடுங்க.

ஆட்டம்

பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. டி4, குதிரை எஃப்6
2. சி4, ஜி6
3. குதிரை சி3, டி5

இங்கேயே நிற்க வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பியப் பழக்கப்படி டி4-க்குப் பதில் டி5, ஈ4-க்குப் பதில் பெரும்பாலும் ஈ5. நடுக்கட்டத்தைச் சிப்பாயால் பிடி, அதுதான் பாடம். பானர்ஜி அந்தப் பாடத்தைப் படித்தவர் மாதிரி ஆடவில்லை. குதிரையை முதலில் எடுக்கிறார். ஜி சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரிக்கு ஓரமாக ஒரு வீடு கட்டுகிறார். அப்புறம்தான் டி5. இன்றைக்கு செஸ் தெரிந்த எந்தப் பையனிடம் இந்த மூன்று நகர்த்தலைக் காட்டினாலும் 'குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ்' என்பான். வியன்னாக்காரரான எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதை ஆடிப் பிரபலமாக்கியது 1922-ல். அந்த ஆண்டு வியன்னாவில் இதை வைத்து, பின்னால் உலக சாம்பியனான அலெகைனையே தோற்கடித்தார். பெயர் நிலைத்துவிட்டது. கல்கத்தா ஆட்டம் அதற்கு 67 வருஷம் முந்தியது.

4. ஈ3, மந்திரி ஜி7
5. குதிரை எஃப்3, காஸ்லிங்
6. சி சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது, குதிரை திரும்ப வெட்டுகிறது
7. மந்திரி ஈ2, குதிரை சி3-ஐ வெட்டுகிறது
8. பி சிப்பாய் வெட்டுகிறது, சி5
9. காஸ்லிங், சி சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது
10. சி சிப்பாய் வெட்டுகிறது, குதிரை சி6
11. மந்திரி பி2, மந்திரி ஜி4

இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. மூன்று நகர்த்தல் தற்செயலாக ஒத்துப்போகலாம். இது அப்படியில்லை. வெள்ளைக்கு நடுவில் டி4-ல் ஒரு பெரிய சிப்பாயை விட்டுக்கொடுத்துவிட்டு, ஜி7 மந்திரி, சி6 குதிரை, ஜி4 மந்திரி எல்லாவற்றையும் அந்த ஒரு சிப்பாயின் மேல் குறிவைக்கிறார். ஜி4 மந்திரி நேராக டி4-ஐத் தாக்காது, அதைக் காவல் காக்கும் எஃப்3 குதிரையைத் தாக்கும். 'நடுவை நீயே வச்சுக்கோ, நான் தூரத்திலிருந்து இடிக்கேன்' என்பதுதான் குருன்ஃபெல்டின் முழுத் தத்துவமே. 1956-ல் பதின்மூன்று வயது பாபி ஃபிஷர் டொனால்ட் பைர்னை ஜெயித்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டமும் இந்த ஓப்பனிங்தான். பானர்ஜி பெயர் தெரியாமல் ஆடினார், ஆனால் விஷயம் தெரிந்துதான் ஆடினார்.

இதுவரைக்கும் வந்ததும் நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கு போன் போட்டு, "நம்ம ஆளு 67 வருஷம் முன்னாடியே ஆடிட்டாருவே" என்று சொல்லியாச்சு. மிச்ச ஆட்டத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

12. யானை சி1, யானை சி8
13. மந்திரி ஏ3, ராணி ஏ5
14. ராணி பி3, எஃப் யானை ஈ8

காக்ரேனின் ஏ3 மந்திரி ஈ7 சிப்பாயைப் பார்க்கிறது. அதைக் காக்க பானர்ஜி எஃப்8-ல் நின்ற யானையை ஈ8-க்கு நகர்த்துகிறார். நியாயமான யோசனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் எஃப்7-க்கு இருந்த காவல் போய்விட்டது. இப்போது அதைக் காக்க ராஜா மட்டும்தான். எதிரே பி3-ல் வெள்ளை ராணி, பி3-லிருந்து எஃப்7 வரைக்கும் குறுக்குச் சாலை திறந்து கிடக்கிறது.

15. யானை சி5, ராணி பி6
16. யானை பி5, ராணி டி8

வெள்ளை யானை இரண்டு தடவை ராணியை விரட்டுகிறது. ராணி ஏ5 போய், பி6 போய், கடைசியில் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்கிறது. மூன்று நகர்த்தல் வீண்.

17. குதிரை ஜி5, மந்திரி ஈ2-ஐ வெட்டுகிறது
18. குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது, குதிரை ஏ5

குதிரை ஜி5-க்கு வந்ததில் இரண்டு மிரட்டல். எஃப்7-ன் மேல் ஒன்று, ஈ2 மந்திரிக்கு வழி திறந்து ஜி4 மந்திரியின் மேல் ஒன்று. பானர்ஜி மந்திரியை மந்திரியால் வெட்டினார், எஃப்7-ஐ விட்டுவிட்டார். வெள்ளைக் குதிரை அங்கே இறங்கியதும் ராஜாவால் அதை வெட்ட முடியாது, பின்னால் ராணியின் காவல் இருக்கிறது. ஏ5 குதிரை அந்த ராணியைத் தாக்குகிறது, ஆனால் நேரம் தாண்டிவிட்டது. மூன்றே நகர்த்தலில் மாட்: 19. குதிரை ஹெச்6, குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டை செக். ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-ல் மாட். ஹெச்8-க்குப் போனால் 20. ராணி ஜி8! ராணியையே பலி கொடுக்கிறது. ஈ8 யானை வெட்டியே ஆகணும். 21. குதிரை எஃப்7. சுற்றிலும் சொந்தக் காய்களே அடைத்து நிற்க ராஜா மூச்சு முட்டிச் சாகிறார். 14-ஆவது நகர்த்தலில் காவலை விட்டுப்போன அதே யானைதான் கடைசியில் ஜி8-ல் வந்து ராஜாவின் வாசலை அடைக்கிறது.

ஆக, குருன்ஃபெல்ட் டிஃபென்ஸில் பதிவாகியிருக்கும் முதல் ஆட்டத்தில் நம்ம ஆள் தோற்றார். போன் போட்ட இரண்டு பேரிடமும் இதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

யார் இந்த பானர்ஜி?

காக்ரேனைப் பற்றி நிறையவே தெரியும். 1798-ல் பிறந்தவர். 1822-லேயே செஸ் பற்றிப் புத்தகம் போட்டவர். கல்கத்தாவில் வக்கீல் தொழில். நடுவில் 1840-களின் தொடக்கத்தில் லண்டன் போய் ஸ்டான்டனோடு மோதிவிட்டுத் திரும்பி வந்தார். 1869-ல் இங்கிலாந்துக்கே போய், 1878-ல் இறந்தார். பெட்ரோஃப் டிஃபென்ஸில் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையை எஃப்7-ல் தூக்கிக் கொடுக்கும் 'காக்ரேன் கேம்பிட்' இவர் பெயர்தான். அதை 1848-ல் இதே பானர்ஜிக்கு எதிராகத்தான் ஆடினார். எஃப்7 மேல் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு கண்!

பானர்ஜியைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம். பெயரையே மொஹெஸ்சுந்தர், மொஹிஷுந்தர், மகேஸ்சந்திர என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். பிலிப் சார்ஜன்ட் 1934-ல் எழுதிய பிரிட்டிஷ் செஸ் வரலாற்றில் வருகிறார்: 1848 வாக்கில் கல்கத்தாவுக்கு வெளியே மொஃபசலில் ஒரு பிராமணர், யாரிடமும் தோற்றதில்லை என்று பேச்சு. காக்ரேன் அவரைத் தேடிப் பிடித்தார். அப்புறம் வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஆடினார்கள். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகிக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் காக்ரேன் ஜெயித்தார், பானர்ஜி ஜெயித்ததும் உண்டு. ஒரு ஆட்டத்தில், இன்று ராஜா இந்தியன் என்று சொல்லப்படும் அமைப்பில், ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையைப் பலி கொடுத்து, அடுத்து ராணி வெட்டுப்படுவதையும் சட்டை செய்யாமல் சிப்பாயை ஜி2 வரை தள்ளி, காக்ரேனின் ராணியையும் யானையையும் ஒரே சமயத்தில் மிரட்டுகிறார். அதில் ஜெயித்தது பானர்ஜி.

சார்ஜன்ட் இன்னொன்றும் சொல்கிறார். இந்த ஓரமாக மந்திரியை வைக்கும் முறைகளைக் காக்ரேன் பெரும்பாலும் பானர்ஜியிடமும் மற்ற இந்தியர்களிடமும்தான் கற்றுக்கொண்டார் என்று. தோற்றவர் ஜெயித்தவருக்கு வாத்தியார். எங்க பக்கம் இது புதுசில்லை. மண்டைக்காட்டிலிருந்து கடலோரமாகவே போனால் குளச்சல். 1741-ல் அங்கே டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்ட டி லனாய்தான் பிறகு திருவிதாங்கூர் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தவர். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, பெயரோடு.

ஏன் ஒவ்வொரு கட்டமாக?

பானர்ஜி ஏன் அப்படி ஆடினார்? ஞானம், தொலைநோக்கு என்றெல்லாம் பேசலாம். எனக்குப் படும் காரணம் எளிமையானது. அவர் வளர்ந்த செஸ் வேற.

இந்திய முறை ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவும் உரிமை பொதுவாகக் கிடையாது. ஊருக்கு ஊர் விதி மாறும், ஆனால் ஒவ்வொரு கட்டமாக நகர்வதுதான் பழக்கம். அப்படியிருந்தால் ஆட்டம் மெதுவாகத்தான் விரியும். நான்காவது வரிசையில் போய்ச் சண்டை பிடிக்க அவசரமில்லை. ஜி சிப்பாய் ஒரு கட்டம், டி சிப்பாய் ஒரு கட்டம், பின்னால் மந்திரி, குதிரை என்று தன் வீட்டுக்குள்ளேயே வியூகம் அமைப்பார்கள். ஐரோப்பிய விதிக்கு மாறின பிறகும் கை பழைய பழக்கத்தை விடாது. ஜி6 என்று பானர்ஜி தொட்டபோது அவர் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, தெரிந்ததைச் செய்தார். தெரிந்தது புது விதிக்குள்ளும் செல்லுபடியானது என்பதுதான் ஆச்சரியம். பஞ்சாபிலிருந்து போன மீர் சுல்தான் கானும் இந்திய முறையில் வளர்ந்தவர்தான். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன்.

'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயர் 1884-லேயே அச்சில் வந்துவிட்டது, பானர்ஜி ஆட்டங்களை வைத்துத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவின் இளவட்டங்கள் நடுக்கட்டத்தைத் தூரத்திலிருந்து தாக்கும் கொள்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜா இந்தியன், ராணி இந்தியன், நிம்சோ இந்தியன் என்று குடும்பமே பெருகிவிட்டது. 'இந்தியன்' நிற்கிறது, பானர்ஜியைக் காணோம்.

இந்த இடத்தில் நான் கோபமாக ஒரு பத்தி எழுதினேன். வெள்ளைக்காரனுக்கு என்றால் ஆள் பெயர், நமக்கு என்றால் நாட்டுப் பெயர் என்று. அப்புறம் அழித்துவிட்டேன். காரணம், சென்னை.

மதராஸ் குலாம் காசிம்

பானர்ஜிக்கு இருபது வருஷம் முந்தி மதராஸில் குலாம் காசிம் என்று ஒரு ஆட்டக்காரர் இருந்தார். 1828–29-ல் மதராஸும் ஹைதராபாத்தும் கடிதம் மூலம் ஆடிய ஆட்டங்களில் மதராஸ் பக்கம் ஆடியவர். 1829-ல் ஜேம்ஸ் காக்ரேன் என்ற அதிகாரியோடு சேர்ந்து (இவர் வேறு காக்ரேன்) மூசியோ கேம்பிட் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அச்சானது மதராஸில். அந்த கேம்பிட்டில் ஐந்தாவது நகர்த்தலாக டி4 ஆடினால், இன்றைக்கும் உலகம் முழுக்க 'குலாம் காசிம் கேம்பிட்' என்றுதான் பெயர். ஆள் பெயர், முழுசாக.

அதற்கும் முன்னால் 1814-ல் பம்பாயில் செஸ் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. பெயரைப் பார்த்தாலே தெற்கத்திக்காரர் என்று தெரிகிறது. செஸ் வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அதனால் 'நம்மாள் என்பதால் பெயர் போச்சு' என்ற கணக்கு முழுசாகச் சரிவரவில்லை. ஆதிக்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. யார் கையில் அச்சுக்கூடம், யார் கையில் பத்திரிகை என்பதே ஆதிக்கம்தான். ஆனாலும் குலாம் காசிம் எழுதினார், பெயர் நின்றது. பானர்ஜி ஆடினார், எழுதினது எதிராளியின் பக்கம். நாம் அவரை எப்போதும் காக்ரேனுக்கு எதிரே உட்கார்ந்தவராகத்தான் பார்க்கிறோம். மொஃபசலில் தோல்வியே காணாமல் ஆடிய காலத்து ஆட்டம் ஒன்றுகூட நம் கையில் இல்லை.

பாட்டா

எங்க பாட்டாவுக்குத் தேங்காய் வியாபாரம். சாயங்காலம் திண்ணையில் கரியால் கட்டம் போட்டு எனக்கு ஆடச் சொல்லித் தந்தார். நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் கையைத் தட்டிவிடுவார். "ஓடாதே மக்கா, ஒண்ணொண்ணா நீக்கு. வீட்டைக் கட்டிட்டுச் சண்டைக்குப் போ."

எட்டாம் வகுப்பில் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடப் போட்டிக்குப் போனேன். முதல் நகர்த்தலுக்கு, பாட்டா சொல்லித் தந்தபடி, இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் நகர்த்தினேன். எதிரே இருந்த பையன் கையைத் தூக்கினான். வந்து பார்த்த சார் "இது எந்த ஊரு செஸ்லே?" என்று கேட்டதும் மொத்த ஹாலும் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து ராஜாவைக் குதிரை மாதிரித் தாவவிட்டேன். அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து, "நீங்க சொல்லித் தந்தது எல்லாம் தப்பு" என்று கத்தினேன். பாட்டா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தப்பில்லடே, அது வேற கணக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நானும் போய் உட்காரவில்லை. நான் புது விதிகளைப் படித்தேன், அது சரிதான். இந்தியாவில் சர்வதேச விதிகள் ஊன்றுவதற்குப் பெரிதும் பாடுபட்ட மானுவல் ஆரோனும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்தான். 1961-ல் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அவர் காலத்தில் அந்த மாற்றம் நடக்காமல் ஆனந்த் வந்திருக்க முடியாது. 2010-ல் சோஃபியாவில் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஆனந்த் கறுப்புக் காய்களோடு இதே குருன்ஃபெல்டை ஆடினார். 23-ஆவது நகர்த்தலில் ராஜாவை எஃப்7-ல் வைத்தார், டோபலோவ் குதிரையை எஃப்6-ல் பலி கொடுத்தார், 30 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பத்தாவது ஆட்டத்தில் ஆனந்த் திரும்பவும் குருன்ஃபெல்ட் ஆடி டிரா செய்தார். கடைசியில் பட்டமும் அவருக்கே.

புது விதி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பழையதைத் 'தப்பு' என்று சொன்னதில்தான் வருத்தம். நான் சிரிப்புக்கு ஆளான அந்த 'ஒண்ணொண்ணா நீக்கு' என்பதன் இன்னொரு பெயர்தான் இந்தியன் டிஃபென்ஸ் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், பாட்டாவோடு இன்னும் பத்து வருஷம் ஆடியிருப்பேன். அவர் எப்படி ஆடினார் என்று குறித்துவைத்திருப்பேன். ஒரு ஆட்டம்கூட என்னிடம் இல்லை. விதிகள் மட்டும் நினைவில் இருக்கின்றன. அதையாவது எழுதிப் போடுகிறேன்.

மண்டைக்காட்டில் எங்க பாட்டா ஆடின முறை:

முதல் முறை மட்டும் ஆளுக்கு இரண்டு சிப்பாய், ஒவ்வொரு கட்டம். பிறகு ஒரு முறைக்கு ஒரு காய். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான்.

காஸ்லிங் கிடையாது. ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். அதற்கு முன்னால் செக் வாங்கியிருந்தால் அந்த உரிமை போச்சு.

சிப்பாய் அந்தக் கடைசிக்குப் போனால், எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாக மாறும். ராஜா வரிசையில் போய்ச் சேர்ந்தால் மந்திரி.

எதிராளியின் காய்களை எல்லாம் வெட்டி ராஜாவை ஒற்றையாக விட்டால் அது ஜெயிப்பு இல்லை, சமன். "ஒத்தையில நிக்கவனை அடிச்சு என்னடே பேரு?" என்பார்.